எண்ணெய் பூசினால் பழைய சேணம் பிழைக்குமா?

கேள்வி: டெக்சஸில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் நண்பரின் மாட்டுப் பண்ணையில் குதிரையேறி உதவுவேன். ஏலத்தில் 400 டாலருக்கு ஒரு பழைய வெஸ்டர்ன் சேணம் எடுத்தேன். தோல் காய்ந்து வெடித்திருக்கிறது. இடப்பக்கம் இரும்பு வளையத்தைப் பிடித்திருக்கும் தோலில் நாலைந்து தையல் விட்டிருக்கிறது. 250 டாலர் கொடுத்தால் எண்ணெய் ஊற்றிப் புதிதாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும்போது கயிறு வீசிப் பழக ஆசை. அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களைப் பயமுறுத்த வேண்டியது வெடித்த தோல் அல்ல, விட்டுப்போன அந்த நாலைந்து தையல்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றால் அவருக்குச் சேணம் தெரியாது. தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

கயிற்றில் மாடு சிக்கியதும் கயிற்றைச் சேணத்தின் கொம்பில் சுற்றுவீர்கள். அந்த நொடியில் மாட்டின் மொத்த இழுப்பும் கொம்பில் விழும். கொம்பிலிருந்து சேணத்துக்குள் இருக்கும் மரச் சட்டத்துக்குப் போகும், அங்கிருந்து அந்த வளையத்துக்கு, வளையத்திலிருந்து வாருக்கு, வாரிலிருந்து குதிரையின் வயிற்றைச் சுற்றிய பட்டைக்கு, அதாவது சிஞ்ச்சுக்கு. இந்த வரிசையில் ஒன்று விட்டாலும் சேணம் உங்களோடு சேர்ந்து பறக்கும். உட்காரும் இடத்துத் தோல் வெடித்திருந்தால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் மரத்தைப் பாருங்கள். கடைக்காரர்கள் ட்ரீ என்பார்கள். நல்ல பண்ணைச் சேணங்களில் மரச் சட்டத்தின் மேல் ஈரமான பச்சை மாட்டுத்தோலை இழுத்துத் தைத்து, இறுகக் காயவிட்டிருப்பார்கள். அந்த இறுக்கம்தான் அதன் பலம். சேணத்தின் முன்பக்கத்தை உங்கள் தொடையில் முட்டுக்கொடுத்து, உட்காரும் இடத்துக்குப் பின்னால் உயர்ந்திருக்கும் பின்மேட்டைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். உட்காரும் இடத்தின் நடுவில் தோல் சுருங்கி மடிந்தால் மரம் உடைந்திருக்கிறது. அப்புறம் சேணத்தைக் கவிழ்த்து, மரச் சட்டம் முன்பக்கம் இரண்டாகப் பிரிந்து இறங்கும் கால்களை உள்நோக்கி அமுக்குங்கள். அசையக் கூடாது. கொம்பை இடமும் வலமும் ஆட்டுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தாலும் சந்தேகம்தான். கடைசியாக, அடியில் இருக்கும் ஆட்டுரோமத் தோலை உள்ளங்கையால் அழுத்தித் தடவுங்கள். ஆணியோ திருகோ நிமிர்ந்து நின்றால் கையில் தட்டும். உங்கள் கையில் தட்டுவது குதிரையின் முதுகில் குத்தும்.

மரம் உடைந்திருந்தால் அந்தச் சேணத்தில் ஒரு காசுகூடப் போடாதீர்கள். சரிசெய்ய வேண்டுமானால் மொத்தத் தோலையும் உரித்து, புது மரத்தில் மறுபடி கட்ட வேண்டும். கூலி, சேணத்தின் விலையைத் தாண்டிவிடும்.

ஏலக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். "உள்ளபடியே விற்கிறோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவர்கள் பொறுப்பு முடிந்தது. மரம் உடைந்ததா, என்ன தோல், எந்த வார் எப்போது மாற்றியது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. மனித உயிரைச் சுமக்கும் பொருள் பழைய நாற்காலியைப்போலக் கைமாறுகிறது. உடைந்த மரத்தின் மேல் புது ஆட்டுரோமத்தை ஒட்டி, தோலில் கருப்புச் சாயம் ஏற்றி, பளபளவென்று நிறுத்தியிருக்கும் சேணங்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மேல்தோல் மினுமினுக்க, அடியில் கை வைத்தால் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டும் சேணத்தைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள். பழுதை மறைக்கத்தான் அவ்வளவு எண்ணெய் தேவைப்படும்.

மரம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் தையலுக்கு வருவோம். வளையத்தைப் பிடித்த தோலைக் கையால்தான் தைக்க வேண்டும், மெழுகு ஏற்றிய தடித்த நூலில், இரண்டு ஊசிகளைப் பழைய துளைகளிலேயே எதிரெதிராக விட்டு. இப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். அவசரக்காரர்கள் பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை போடுவார்கள். அது தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளையிட்டது மாதிரி. முதல் பெரிய இழுப்பிலேயே அந்தக் கோட்டில் கிழியும். பசை தடவி ஒட்டுவது, நூலுக்குப் பதில் சின்ன அலுமினிய ரிவிட் அடிப்பது, இரண்டும் ஏமாற்று வேலை. வேலையை யார் செய்யப் போகிறார் என்று நேராகக் கேளுங்கள். தீவனக் கடை வாசலில் சேணத்தை வாங்கிக்கொண்டு, பாதிக் கூலிக்கு வேறு யாரிடமோ கொடுத்துத் தைத்து வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். தைப்பவர் முகத்தைப் பார்க்காமல் சேணத்தைக் கொடுக்காதீர்கள்.

வார்கள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். பழைய சேணம் வாங்கினால் வளையத்தையும் சிஞ்ச்சையும் இணைக்கும் வார்களை, இடப்பக்க லாட்டிகோ வாரையும் வலப்பக்க வாரையும், கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். இடப்பக்க வாரைத் தினமும் இழுத்துக் கட்டி அவிழ்ப்பதால் பழுது கண்ணில் படும். வலப்பக்கத்தை ஒருமுறை மாட்டினால் வருடக்கணக்கில் ஒருவரும் தொடுவதில்லை. வளையத்தில் மடங்கும் இடத்தில் வியர்வை உப்பு ஏறி, உள்பக்கமாகவே வெடித்துக் கிடக்கும். பின்பக்க சிஞ்ச் இருந்தால் அதையும் முன் சிஞ்ச்சையும் வயிற்றுக்கு அடியில் இணைக்கும் சின்ன வார் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பின் சிஞ்ச் நழுவித் தொடைப் பக்கம் போகும். குதிரை துள்ளி எறிந்துவிடும்.

பாதம் வைக்கும் அங்கவடியைத் தாங்கும் வாரும் அப்படித்தான். அது மரத்தின் மேல் ஏறி இறங்கும் இடம் உட்காரும் தோலுக்கு அடியில் மறைந்திருக்கும். சேணத்தைக் கவிழ்த்து, வாரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து முழு நீளத்தையும் பாருங்கள்.

இப்போது எண்ணெய். வெடித்த இடத்தை லேசாக மடக்குங்கள். மேல்பரப்பில் மட்டும் மெல்லிய கோடுகள் என்றால் பிழைக்கும். விரலில் சிவப்புத் தூளாக உதிர்ந்தால் அந்தத் தோல் செத்துவிட்டது, எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. பிழைக்கும் தோலை முதலில் சேடில் சோப்பால் துடையுங்கள். அழுக்கின் மேல் எண்ணெய் பூசினால் அழுக்குதான் உள்ளே போகும். பிறகு மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் சுத்தமான நீட்ஸ்ஃபுட் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் விட்டு, தோல் இன்னும் கேட்டால் இன்னொரு தடவை. காம்பவுண்ட் என்று எழுதியிருந்தால் வேறு எண்ணெய் கலந்தது, வாங்காதீர்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்கேறும். அதிகமாக ஊற்றினால் தோலின் நார் தளர்ந்து வார் நீண்டுகொண்டே போகும், ஆட்டுரோமமும் ஊறிப்போகும். 250 டாலருக்கு அவர் செய்யப் போவது இதைத்தான்.

தண்ணீர் படக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். சட்டத்தின் மேல் இருக்கும் பச்சைத் தோல் ஊறினால் இறுக்கம் போய்விடும். ஆனால் ஓர் இடத்துக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். அது ஃபெண்டர், உங்கள் காலுக்கும் குதிரைக்கும் நடுவில் தொங்கும் அகலமான தோல். காய்ந்துபோன சேணத்தில் அங்கவடி குதிரையின் உடம்போடு ஒட்டித் திரும்பி நிற்கும். பாதத்தை நுழைக்க ஒவ்வொரு முறையும் காலை முறுக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே முழங்கால் வலி எடுக்கும். அதற்கு ஃபெண்டரின் கீழ்ப்பாதியையும் அங்கவடிக்கு மேலே குறுகும் வாரையும் மட்டும், இருபுறமும் வெதுவெதுப்பான தண்ணீரால் நிறம் மாறும்வரை நனையுங்கள். அங்கவடிகளைப் பாதம் நுழையும் திசைக்குத் திருப்பி, இரண்டுக்கும் நடுவில் ஒரு துடைப்பக் கட்டையைச் சொருகுங்கள். நிழலில் இரண்டு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால், ஹேர் ட்ரையர் காட்டினால் பலகையாகிவிடும். காய்ந்த பிறகு மெல்லிசாக எண்ணெய். தோல் ஏற்கெனவே ஆழமாக வெடித்திருந்தால் முறுக்கவே முறுக்காதீர்கள், அந்த இடத்திலேயே பிளக்கும். உட்காரும் இடத்துக்கும், சேணத்தின் அடியில் விரிந்திருக்கும் பாவாடைத் தோலுக்கும் இந்த வைத்தியம் கிடையாது.

"இதற்குப் பேசாமல் புதிதே வாங்கலாம்" என்று நினைத்து இணையத்தில் 300 டாலர் சேணம் தேடாதீர்கள். கான்பூரில் நல்ல சேணம் செய்யத் தெரிந்த கைகள் தலைமுறைகளாக இருக்கின்றன. ஆனால் விலையை அமுக்கி வாங்கும் இறக்குமதியாளருக்கு மெல்லிய தோலும் ஊர்பேர் தெரியாத மரமும் போதும். அது படத்துக்கு நிற்கும், மாட்டுக்கு நிற்காது.

உங்கள் சேணத்தில் மரம் உறுதியாக இருந்தால் அந்த 400 டாலர் வீண் இல்லை. இந்த வாரமே இரண்டு வார்களையும் வாங்கி மாட்டுங்கள். தையலுக்குக் கைவேலைக்காரர் ஒருவரிடம் கொடுங்கள், வலப்பக்க வளையத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் விட்டால் மறுபக்கமும் தளர்ந்திருக்கலாம். அது முடியும்வரை அந்தச் சேணத்தில் ஏற வேண்டாம். குறி போடும் நாள் அதற்குள் வந்துவிட்டால் நண்பரிடம் வேறு சேணம் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் தரையில் நின்று கன்றுகளைப் பிடித்துக் கொடுங்கள்.