சீந்தில் பொடி, பயோட்டின், மீன் எண்ணெய்: மூட்டுவலிக்காரர்களின் கேள்விகள்

திருவொற்றியூரில் முடக்குவாதம், லூபஸ் மாதிரியான ஆட்டோ இம்யூன் நோய்களுக்கு (எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்கள்) வைத்தியம் பார்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த இன்னொரு டப்பாவைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு 58 வயது, முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் போடுகிறார். எதிர்வீட்டு அக்கா எதிர்ப்பு சக்திக்கு நல்லது என்று சீந்தில் பொடி கொடுத்தார். தினமும் வெந்நீரில் கலந்து குடிக்கிறார். தொடரலாமா டாக்டர்? (கொடுங்கையூர்)

இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த அக்கா நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார், ஆனால் அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துபோய் இந்த நோய் வரவில்லை, அந்த சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூட்டுச் சவ்வை அடிப்பதால் வந்தது. அதை அடக்கத்தான் மெத்தோட்ரெக்சேட். ஒரு கையால் அடக்கிக்கொண்டு இன்னொரு கையால் தூண்டிவிடலாமா?

எனக்கு அதைவிடப் பெரிய பயம் கல்லீரல். கொரோனா காலத்தில் ஊரே சீந்தில் குடித்ததே, அப்போது 2020 கடைசியில் மும்பையில் அதைச் சாப்பிட்ட ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு வந்தார்கள். அடுத்து நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. ஆட்டோ இம்யூன் கோளாறு ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு இது அதைக் கிளப்பிவிடுகிறது என்பதுதான் அந்த மருத்துவர்கள் சொன்னது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை, வேறு கொடியோடு குழப்பிக்கொண்டார்கள் என்றது. சரி, விவாதம் இருக்கட்டும், மெத்தோட்ரெக்சேட்டே கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மருந்து என்பதால் அம்மாவை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை. இந்த வாரமே கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று, மருத்துவர் எழுதித்தந்த ஃபோலிக் ஆசிட்டை "அது வெறும் சத்து மாத்திரைதானே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மெத்தோட்ரெக்சேட் வாய்ப்புண்ணையும் குமட்டலையும் கொண்டுவராமல் காப்பது அதுதான், அதை விடவே கூடாது.

தெரிந்தவர் சொன்ன இடத்தில் ஒரு மூலிகைப் பொடி வாங்கினேன். பல வருட மூட்டுவலி மூன்றே நாளில் போய்விட்டது! இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். முகம் மட்டும் உப்பியிருக்கிறது. (தண்டையார்பேட்டை)

உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு பதறியது. மூன்று நாளில் வலி பறந்ததும் முகம் உருண்டையானதும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது, பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்பதுதான். சொல்லாமல் கலப்பது நம் ஊரில் புதிதில்லை. ஆனால் பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. இரண்டு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், சட்டென்று விட்டால் வாந்தி, பிரஷர் இறங்குவது, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொடிப் பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக் காலையே மருத்துவரிடம் போங்கள், சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டு, தெரிந்த அளவில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். செலவுக்குப் பயந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே வாதநோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வாந்தியோ தலைச்சுற்றலோ இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

மனைவிக்கு ஹாஷிமோட்டோ என்ற ஆட்டோ இம்யூன் தைராய்டு நோய். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறார். திடீரென்று டி.எஸ்.எச். ரொம்பக் குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தைராக்சின் மாத்திரை அளவைக் குறைக்கணுமா சார்? (ராயபுரம்)

அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், அது குறைந்தால் தைராய்டு ஹார்மோன் கூடிவிட்டது என்றுதான் தோன்றும், ஆனால் ரிப்போர்ட்டே பொய்யாக இருக்கலாம். பல லேப்களில் தைராய்டு பரிசோதனை முறையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகிறார்கள், ரத்தத்தில் அது ஏராளமாக மிதந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4 கூடுதலாகவும் காட்டும். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான், முடி மாத்திரை பலவற்றில் இருப்பது 10,000. மூன்று நாள் நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரை போடுகிறாரென்றால் தைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

காசிமேட்டுப் பக்கம் இருந்துகொண்டு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கணுமா? (புது வண்ணாரப்பேட்டை)

முடக்குவாதத்தில் மீன் எண்ணெய் வலியையும் காலை விறைப்பையும் ஓரளவு குறைக்கிறது, அது உண்மை. ஆனால் ஆய்வுகளில் பொதுவாகக் கொடுத்தது தினம் 3 கிராம் அளவுக்கு ஒமேகா 3. கடையில் விற்கும் சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் அது 300 மில்லிகிராம்தான் இருக்கும், கணக்குப் போட்டால் தினம் பத்து. நான் அந்தக் காசுக்கு மத்தியும் கானாங்கத்தையும் வாங்கி வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பு வைக்கச் சொல்வேன். மருந்துக்குப் பதிலாக இல்லை, மருந்தோடு.

வைட்டமின் டி ஆட்டோ இம்யூன் நோயே வராமல் தடுக்குமாமே? (எண்ணூர்)

அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ஆய்வு, 2022-ல் வெளிவந்தது. தினம் 2000 யூனிட் என்று ஐந்து வருஷம் எடுத்தவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 22 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள், புதிதாக வருவது. வந்த நோயைப் போக்குமா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. ரத்தத்தில் அளவு குறைவாக இருந்தால் கட்டாயம் எடுங்கள். 60,000 யூனிட் பாக்கெட் என்றால் மருத்துவர் எழுதியபடி வாரம் ஒன்று, சில வாரத்துக்கு மட்டும். தினமும் ஒன்று குடித்தால் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டுவிடும்.