மோட்டார்ஹோமில் (வீடாகவும் பயன்படும் வண்டியில்) கரண்ட் வேலை: கேள்வி பதில்

கேள்வி: வெளி கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். உள்ளே சாக்கெட்டைக் கழற்றலாம்தானே?

பதில்: வேண்டாம், பொறுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே 230 வோல்ட் அந்த சாக்கெட்டுக்கு வரலாம். சில வண்டிகளில் வெளி கரண்ட் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கும். நீங்கள் பிளக்கைப் பிடுங்கியதே அதைக் கிளப்பிவிட்டிருக்கும். ஆட்டோ ஸ்டார்ட் உள்ள ஜெனரேட்டரும் அப்படித்தான். எல்லாவற்றையும் அதனதன் சுவிட்சில் அணையுங்கள், பேட்டரி லைனையும் துண்டியுங்கள். அப்புறம் மல்டிமீட்டர். முதலில் கரண்ட் இருப்பது உறுதியான வேறொரு இடத்தில் மீட்டரைச் சோதித்து, சாக்கெட்டில் பார்த்து, மறுபடி அந்த இடத்திலேயே சோதியுங்கள். பழுதான மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

கேள்வி: 12 வோல்ட் பக்கம் பயமில்லையே?

பதில்: ஷாக் அடிப்பது அரிது. ஆனால் ஸ்பேனர் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். நடுவில் மோதிரம் சிக்கிக்கொண்டால் விரல் வெந்துவிடும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நெகட்டிவ் பொதுவாக வண்டி பாடியோடு இணைந்திருக்கும். அதனால் அதை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

கேள்வி: கூரையில் சோலார் இருக்கிறது.

பதில்: பேட்டரியைக் கழற்றும் முன்பே, பேனலைக் கன்ட்ரோலரிலிருந்து (பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) பிரித்துவிடுங்கள். பேட்டரியை முதலில் கழற்றினால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். வெளிச்சம் படும் நேரமெல்லாம் பேனல் ஒயரில் வோல்டேஜ் இருக்கும்.

கேள்வி: 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது. 20 போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பியூஸ் காப்பது ஒயரை. பெரியதைப் போட்டால் பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும், அதுவும் பலகைக்குப் பின்னால். எங்கே உரசி ஷார்ட் ஆகிறது என்று தேடுங்கள்.

கேள்வி: ஈரத் தரையில் நின்று கதவைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது.

பதில்: இந்தக் கேள்விதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. லேசாக இருக்கிறதே என்று விடாதீர்கள். எர்த் எங்கோ அறுந்து, ஏதோ ஒரு சாதனத்திலிருந்து கரண்ட் வண்டி பாடிக்குக் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்பவும் முடியாது: எர்த் இல்லாவிட்டால், ஒருவர் தொட்டு அவர் உடல் வழியே கரண்ட் பாயும்போதுதான் அது டிரிப் ஆகும். வண்டியைத் தொடாமல், கரண்ட் எடுக்கும் கம்பத்தில் முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே இருப்பவர்கள் அதுவரை இறங்க வேண்டாம். ஒரு கால் தரையிலும் ஒரு கை கதவிலும் இருக்கும் நொடிதான் மிக மோசமானது. கேபிள், கம்பம், வண்டி மூன்றிலும் எர்த் தொடர்ச்சியை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மறுபடி இணைக்காதீர்கள்.