மீண்டும் வந்த இரத்தப் புற்றுநோய்: அடுத்து எந்தச் சிகிச்சை?

கேள்வி: ஒன்பது வயதாகும் என் மகனுக்கு 'ஏ.எல்.எல்.' எனப்படும் இரத்தப் புற்றுநோய், பி செல் வகை. இரண்டரை ஆண்டு கீமோதெரபி முடிந்து எட்டு மாதங்கள் நன்றாக இருந்தவனுக்கு, இப்போது எலும்பு மஜ்ஜையில் நோய் திரும்பியிருக்கிறது. மீண்டும் கீமோ, தேவைப்பட்டால் மஜ்ஜை மாற்று என்கிறார் மருத்துவர். நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே எடுத்து, புற்றை அழிக்கும்படி மாற்றி மீண்டும் செலுத்தும் 'கார்-டி செல்' சிகிச்சைக்குப் போகலாமே என்கிறார் என் அண்ணன். பிள்ளையை இனியும் வதைக்க வேண்டாம் என்கிறார் மாமியார். நான் எப்படி முடிவெடுப்பது?

பதில்: நோய் திரும்பிவிட்டது என்றதும் எல்லாம் கைமீறிப் போய்விட்டதாகத் தோன்றும். ஆனால், அது எப்போது திரும்பியது என்பது மிக முக்கியம். சிகிச்சை நடக்கும்போதே திரும்பும் நோய் மருந்துக்கு எளிதில் அடங்காது. சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களுக்குப் பிறகு திரும்புவதை மருத்துவர்கள் தனி வகையாகவே பார்க்கிறார்கள். உங்கள் மகன் அந்த வகையில் வருகிறான். இத்தகைய குழந்தைகளில் கணிசமானோரை முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது என்பதால், மாமியார் சொல்லும் முடிவுக்கு இது நேரமல்ல என்றே கருதுகிறேன்.

மஜ்ஜை மாற்று வேண்டுமா என்பதையும் இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. மறுபடி தொடங்கும் கீமோவின் முதல் கட்டம் முடிந்ததும் 'எம்.ஆர்.டி.' என்ற பரிசோதனை செய்வார்கள். பத்தாயிரம் செல்களில் ஒன்றாக ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லையும் அது காட்டிக்கொடுத்துவிடும். அதில் நோய் தென்படாவிட்டால், மாற்று செய்யாமல் கீமோவோடும், உடலின் நோயெதிர்ப்புச் செல்களைப் புற்றுச் செல்கள் மீது ஏவும் 'பிளினாடுமோமாப்' போன்ற மருந்தோடும் நிறைவு செய்வதுண்டு. தென்பட்டால் மாற்று அவசியமாகிவிடும். உடன்பிறந்த ஒருவருடைய மஜ்ஜை முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உள்ளது என்றாலும், பாதி பொருந்தும் பெற்றோரும் இப்போது கொடையாளராக முடிகிறது. மாற்று சிகிச்சைக்குத் தரப்படும் கடும் மருந்துகளும் கதிர்வீச்சும் குழந்தையின் வளர்ச்சியையும் பிற்காலத்தில் பிள்ளை பெறும் திறனையும் பாதிக்கக்கூடும் என்பதால், அதைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். மருத்துவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கார்-டி செல் சிகிச்சை உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 2017இல் அமெரிக்காவில் அதற்கு முதலில் கிடைத்த அனுமதி, மருந்துக்கு அடங்காத நோய்க்கும், இரண்டாம் முறையோ அதற்கு மேலோ திரும்பிய நோய்க்கும் உரியது. அந்தச் சிகிச்சையால் கடும் காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும் நேர்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகவேண்டிய நிலையும் வரலாம். தேவை வந்தால் பயன்படட்டும் என்று அதை ஒதுக்கி வைத்திருப்பதே நல்லது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

வேறொரு குழந்தைப் புற்றுநோய் நிபுணரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதை உங்கள் மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பரிசோதனை அறிக்கைகளின் நகலை அவரிடமே கேளுங்கள்.

மாமியாரின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் பேரன் தவித்ததை அவரும் பார்த்திருப்பார். வலி தணிப்பு மருத்துவக் குழு என்பது கைவிடப்பட்டவர்களுக்கு மட்டுமானது அல்ல; குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே அவர்களையும் உடன் வைத்துக்கொள்ளலாம். முதல் நாளிலிருந்தே கேட்டுப் பெறுங்கள்.

மகனிடமும் பேசிவிடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீட்டில் நடக்கும் கிசுகிசுப்பு புரியும். நோய் திரும்பியிருக்கிறது, மருந்து மறுபடியும் தொடங்குகிறது என்பதை உங்கள் வாயிலிருந்தே அவன் கேட்கட்டும்.