ட்ரீட்மென்ட்டுக்கு வெளிநாடு போக விசா இல்லாத வழி இருக்கா?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாத்துற ஆபரேஷன், அதை வெளிநாட்டுல பண்ணலாம்னு யோசிக்கிறாங்க, கூட ரெண்டு பேர் போகணும், விசா எடுக்காம உள்ள விடுற நாடு எதுன்னு தெரிஞ்சா அங்கயே ஆஸ்பத்திரி பார்த்துக்கலாம்னு கேட்டிருக்காங்க.

வழி இருக்கு, நிறைய நாட்டுல இருக்கு. ஆனா நீங்க தேடுற வரிசையைத்தான் முதல்ல மாத்தணும். நாட்டைப் பிடிச்சுட்டு அப்புறம் ஆஸ்பத்திரி தேடாதீங்க, டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் முடிவு பண்ணி, மொத்தம் எத்தனை நாள் அங்க இருக்க வேண்டி வரும்னு எழுத்துல வாங்கிட்டு, அதுக்கு அப்புறம் உங்க பாஸ்போர்ட்டுக்கு அந்த நாடு என்ன கொடுக்குதுன்னு பாருங்க. எங்க சித்தப்பா ட்ரீட்மென்ட்டுக்கு கூட போனதுல இருந்து தெரிஞ்சவங்க பலபேருக்கு இந்த பேப்பர் வேலையெல்லாம் பார்த்துக் கொடுத்திருக்கேன், அதுல நான் பார்த்த வரைக்கும் ஏர்போர்ட்ல உள்ள நுழையுறது பெரும்பாலும் பிரச்சனையே ஆகுறதில்ல, நுழைஞ்சதுக்கு அப்புறம் நாள் பத்தாம போறதுதான் பிரச்சனை.

நாள் கணக்கையே முதல்ல பேசலாம். இடுப்பு மூட்டு ஆபரேஷன்னா ஆஸ்பத்திரில சில நாள்தான் படுக்க வைப்பாங்க, அதை மட்டும் கேட்டுட்டு "ரெண்டு வாரம் போதும்"னு நினைச்சுடறாங்க. அதுக்கு முன்னாடி ரத்தம், இதயம், அனஸ்தீஷியா செக்கப்புன்னு சில நாள் போகும், சுகர் ஏறி இருந்தா அது இறங்குற வரைக்கும் ஆபரேஷனையே தள்ளி வைப்பாங்க, அப்புறம் தையல் பிரிக்கணும், பிசியோதெரபி, நடந்து காட்டணும். இதெல்லாம் முடிஞ்சாலும் உடனே ஃப்ளைட்டு ஏற முடியாது, மூட்டு மாத்துற ஆபரேஷனுக்கு அப்புறம் கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுற ஆபத்து இருக்கு, ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்காந்தா அது கூடும், அதனால நீண்ட விமானப் பயணத்துக்கு டாக்டருங்க வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல கூட காத்திருக்கச் சொல்லுவாங்க. புண்ணுல இன்ஃபெக்ஷன் வந்தா இந்தக் கணக்கெல்லாம் திரும்ப முதல்ல இருந்து. ஆக 30 நாள் விசா ஃப்ரீ கொடுக்குற நாடு இந்த ஆபரேஷனுக்கு ரொம்ப இறுக்கமா இருக்கும், என்னைக் கேட்டா பத்தாதுன்னே சொல்லுவேன்.

வேற நோய்க்கும் இதே மாதிரி போட்டுப் பாருங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆறு தடவை கீமோ கொடுத்தா முதல் தடவைல இருந்து கடைசி தடவை வரைக்குமே 15 வாரம், 105 நாள், அதாவது 90 நாள் கொடுக்குற நாட்டுல கூட ஒரே ஸ்டேல முடிக்க முடியாது. வேற ஒருத்தர் கொடுக்குற எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைன்னா, முடிஞ்ச பிறகு கிட்டத்தட்ட 100 நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கச் சொல்றது வழக்கம். இதுக்கெல்லாம் விசா ஃப்ரீயை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. ஆனா கண்புரை ஆபரேஷன், பல் வேலை, செகண்ட் ஒப்பீனியன், ஸ்கேன் எடுத்து பெரிய டாக்டர்கிட்ட காட்டுறது, இதுக்கெல்லாம் விசா ஃப்ரீ அருமையா ஒத்துவரும். பல் இம்ப்ளான்ட்ல ஒரு தடவை போய் ஸ்க்ரூ வச்சுட்டு வந்து எலும்பு சேர சில மாசம் விட்டு மறுபடி போறது வழக்கம்தானே, ரெண்டு சின்ன ட்ரிப், அதுக்குன்னு ரெண்டு விசா எடுக்குற அலைச்சல் மிச்சம்.

அடுத்தது நோக்கம். விசா வேண்டாம்னு ஒரு நாடு சொல்லுதுன்னா எதுக்காக வந்தா வேண்டாம்னு சொல்லுதுன்னு பார்க்கணும், இதை யாருமே படிக்கிறதில்ல. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி.

அமெரிக்காவுல விசா வெய்வர், அதாவது விசா விலக்கு லிஸ்ட்ல இருக்குற நாட்டு பாஸ்போர்ட்காரங்க எஸ்டாங்கிற ஆன்லைன் முன் அனுமதி போட்டுட்டு 90 நாளுக்குப் போகலாம், மருத்துவ சிகிச்சையும் அதுல அனுமதிச்ச காரணம்தான். ஆனா அந்த 90 நாளை நீட்டிக்க முடியாது, வேற விசாவா உள்ள இருந்தே மாத்திக்கவும் முடியாது. ரொம்ப அவசரம்னா திரும்பிப் போறதுக்கு 30 நாள் வரைக்கும் அவகாசம் கொடுக்க வழி இருக்கு, அது அதிகாரி மனசு வச்சாதான், அதை நம்பி ஆபரேஷன் தேதி குறிக்கக் கூடாது. பெரிய ட்ரீட்மென்ட்டுன்னா வெய்வர் இருந்தாலும் பி2ங்கிற விசிட்டர் விசா எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுவேன், அதுல உள்ள போனதுக்கு அப்புறம் நாள் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு வெய்வர் கிடையாது, பி2தான் ஒரே வழி, உங்க டாக்டர் கொடுத்த நோய் விவரம், அங்க இருக்குற ஆஸ்பத்திரி கொடுத்த செலவு எஸ்டிமேட், பணம் எங்க இருந்து வருதுங்கிற ஆதாரம், மூணும் கேப்பாங்க.

பிரிட்டன்ல விதி தெளிவா எழுதி வச்சிருக்காங்க, அது எனக்குப் பிடிக்கும். விசா தேவையில்லாத நாட்டுக்காரங்க ஈடிஏங்கிற ஆன்லைன் முன் அனுமதி மட்டும் வாங்கிட்டுப் போய் 6 மாசம் வரைக்கும் பிரைவேட் ட்ரீட்மென்ட் எடுக்கலாம், ஆனா போறதுக்கு முன்னாடியே ட்ரீட்மென்ட் ஏற்பாடு ஆகியிருக்கணும், பணம் கையில இருக்கணும், முடிஞ்சதும் கிளம்பணும். விசா தேவைப்படுற நாட்டுக்காரங்க மருத்துவத்துக்குன்னே விண்ணப்பிச்சா 11 மாசம் வரைக்கும் கேக்கலாம். அங்க போனா அரசு ஆஸ்பத்திரில இலவசமா பார்த்துடுவாங்கன்னு சில பேர் நம்புறாங்க, அப்படி இல்லீங்க, விசிட்டரா போறவங்ககிட்ட வழக்கமான கட்டணத்துல 150 சதவீதம் வாங்குவாங்க, 500 பவுண்டுக்கு மேல பாக்கி வச்சுட்டு வந்தா அடுத்த தடவை விசாவுல அது எதிரா நிக்கும்.

ஷெங்கன் நாடுகள்ல, அதாவது ஒரே எல்லையா சேர்ந்திருக்குற ஐரோப்பிய நாடுகள்ல, விசா விலக்கு இருக்குறவங்களுக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதுக்குள்ள 90 நாள்தான். வர்ற நாளும் போற நாளும் ரெண்டுமே கணக்குல சேரும், ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின்னு மாறி மாறிப் போனாலும் மொத்தமா ஒரே கணக்கு. ரெண்டு மாசம் முன்னாடி சுத்திப் பார்க்கப் போன மூணு வாரமும் இந்த 90ல இருந்துதான் கழியும், 2025 அக்டோபர்ல இருந்து முத்திரைக்குப் பதிலா கம்ப்யூட்டர்லயே நுழைவு வெளியேற்றம் பதிவு பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, அதனால ஒரு நாள் கூடினாக்கூட தெரிஞ்சுடும்.

இப்ப தாய்லாந்து, மலேசியா, இந்தியா, நம்மாளுங்க அதிகமா விசாரிக்கிறது இதைத்தான். தாய்லாந்து 2024 ஜூலை 15ல இருந்து 93 நாட்டுக்காரங்களுக்கு 60 நாள் விசா ஃப்ரீன்னு ஆக்குச்சு, அதுல இந்திய பாஸ்போர்ட்டும் சேர்ந்தது. இது முக்கியமா சுற்றுலாவுக்கும் சின்ன பிசினஸ் வேலைக்கும்னு கொடுத்தது, ட்ரீட்மென்ட்டுக்குன்னு தனியா மெடிக்கல் விசாவும் இருக்கு. வளைகுடா நாட்டுக்காரங்களுக்கும், கம்போடியா, லாவோஸ், மியான்மர், வியட்நாம், சீனா பாஸ்போர்ட்டுக்கும் மட்டும் மருத்துவத்துக்குன்னே 90 நாள் விலக்கு, கூட மூணு பேர் வரலாம்னு ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க. நீங்க கேட்ட கேள்விக்கு அச்சு அசலா பொருந்துறது இந்த மாதிரி ஏற்பாடுதான், ஆனா பாருங்க, எல்லா பாஸ்போர்ட்டுக்கும் அது கிடையாது. மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாம விடுது, 2026 கடைசி வரைக்கும்னு நீட்டிச்சாங்க. இந்த நாள் கணக்கையெல்லாம் அந்தந்த அரசு நினைச்சப்ப மாத்தும், கூட்டும், குறைக்கும், அதனால என் பதிலை வச்சு டிக்கெட் போட்டுடாதீங்க, டிக்கெட் போடுற அன்னைக்கு தூதரகத்தோட பக்கத்துல ஒரு தடவை பார்த்துடுங்க.

இந்தியாவுக்கு ட்ரீட்மென்ட்டுக்கு வர்றவங்கன்னா, நேபாளம், பூட்டான்காரங்களுக்கு விசாவே வேண்டாம். மாலத்தீவுக்காரங்களுக்கு ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல 90 நாள் விலக்கு, அதுல மருத்துவமும் வெளிப்படையாவே இருக்கு. இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரங்களுக்கு கொடுக்குற ஓசிஐ கார்டு வச்சிருக்கவங்களுக்கும் மருத்துவத்துக்குன்னு தனி விசா தேவையில்ல. மத்தவங்க மெடிக்கல் விசா எடுக்கணும், பல நாட்டுக்காரங்க இ-மெடிக்கல் விசாவை ஆன்லைன்லயே போடலாம், அது 60 நாள், மூணு தடவை உள்ள வந்து போகலாம், கூட வர்ற ரெண்டு பேருக்கு அட்டெண்டன்ட் விசா. ஆஸ்பத்திரி கொடுக்குற லெட்டர் இருந்தா இது அவ்வளவு கஷ்டமே இல்ல, இதைத் தவிர்க்கணும்னு டூரிஸ்ட் விசாவுல போறதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு ஏஜென்ட் ஒருத்தர் "டூரிஸ்ட்டே போதும், யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு, ஏர்போர்ட்ல யாரும் கேக்கலதான், ஆனா ஆஸ்பத்திரி அட்மிஷன்ல விசாவைப் பார்த்துட்டு ஆபரேஷனுக்கு எடுக்க முடியாதுன்னுட்டாங்க. வலியோட இருக்குற மனுஷரை கூட்டிட்டு திரும்பிப் போய் சரியான விசா எடுத்துட்டு வந்தாங்க. அந்த ஏஜென்ட் மேல எனக்கு இன்னைக்கும் கோபம் இருக்கு, ஒரு ஃபார்ம் நிரப்புற சோம்பேறித்தனத்துக்காக நோயாளியை இப்படி அலைய விடலாமா.

கூடப் போறவங்க விஷயத்தையும் சேர்த்து யோசிக்கணும். அம்மாவுக்கு மெடிக்கல் விசா எடுத்துட்டு நீங்க விசா ஃப்ரீல போனா, அம்மாவுக்கு நாள் நீட்டிச்சுக் கொடுக்கலாம், உங்களுக்கு கிடைக்கும்னு உறுதி இல்ல, நடக்க முடியாத அம்மாவை அங்க விட்டுட்டு நீங்க மட்டும் ஃப்ளைட் ஏற வேண்டி வரும். அதனால நோயாளிக்கு என்ன வகையோ அதோட சேர்ந்த அட்டெண்டன்ட் வகை இருந்தா அதையே எடுங்க. ஜப்பான் 2011ல இருந்து மருத்துவத்துக்குன்னு தனி விசா வச்சிருக்கு, அதுல கூடப் போறவங்களுக்கும் கொடுக்குறாங்க, தென் கொரியாவுலயும் 90 நாளுக்குள்ளன்னா ஒரு வகை, அதுக்கு மேல நீண்ட சிகிச்சைன்னா இன்னொரு வகைன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. உறுப்பு மாற்று ஆபரேஷன்னா டோனரும் ஒரு நோயாளி மாதிரிதான், அவரும் படுப்பாரு, அவருக்கும் ஒரு துணை வேணும், அவரை சும்மா கூட வர்ற ஆளுன்னு கணக்குல எழுதக் கூடாது. அதுக்கான சொந்தபந்த சான்றிதழ், தூதரக லெட்டர் எல்லாம் வாங்க ரொம்ப நாள் பிடிக்கும்.

வழில இறங்கி ஃப்ளைட் மாறுறது இன்னொரு பொறி. போற நாட்டுக்கு விசா வேண்டாம், ஆனா நடுவுல இறங்குற நாட்டுக்கு வேணும்னு இருக்கலாம். அமெரிக்கா வழியா போனா வெறும் டிரான்சிட்டுக்கே விசாவோ எஸ்டாவோ இருக்கணும். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் ஏர்போர்ட்ல வெளிய வராம ஃப்ளைட் மாறவே டிரான்சிட் விசா கேப்பாங்க, வேற நாட்டு விசாவோ ரெசிடென்ஸ் கார்டோ கையில இருந்தா சில விலக்கு உண்டு. நோயாளியோட போறப்ப முடிஞ்ச வரைக்கும் நேரடி ஃப்ளைட்டே பாருங்க, காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல.

விசா ஃப்ரீன்னா பேப்பர் ஃப்ரீன்னு அர்த்தம் இல்ல. கவுன்ட்டர்ல இருக்குற அதிகாரிக்கு திருப்பி அனுப்ப முழு அதிகாரம் உண்டு, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா மறைக்காம ட்ரீட்மென்ட்டுக்குன்னே சொல்லுங்க. சுத்திப் பார்க்கன்னு சொல்லிட்டு பையில எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரி ஃபைலும் இருந்தா சந்தேகம் வரத்தான் செய்யும். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், எஸ்டிமேட், பணத்துக்கான ஆதாரம், திரும்பி வர்ற டிக்கெட், தங்குற இடம், எல்லாம் பிரிண்ட் எடுத்து கையில வர்ற பையில வைங்க. பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுபடி இருக்கணும்னு பல நாடு கேக்கும், ஆபரேஷன் தள்ளிப் போனாலும் தாங்குற மாதிரி அதுக்கு மேலயே இருந்தா நல்லது. டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தா ட்ரீட்மென்ட் செலவு வரும்னு நினைக்காதீங்க, போறதுக்கு முன்னாடியே திட்டம் போட்ட சிகிச்சைக்கு அது பொதுவா கொடுக்காது. வலி மாத்திரையில மார்ஃபின், டிராமடால் மாதிரி இருந்தா அந்த நாட்டுல முன் அனுமதி வேணுமான்னு பாருங்க, சிங்கப்பூர், ஜப்பான், எமிரேட்ஸ் எல்லாம் இதுல ரொம்ப கண்டிப்பு.

உங்க அம்மா விஷயத்துல நானா இருந்தா என்ன பண்ணுவேன்னா, ரெண்டு மூணு ஆஸ்பத்திரியோட இன்டர்நேஷனல் பேஷன்ட் டெஸ்க்குக்கு ரிப்போர்ட் அனுப்பி, மொத்தம் எத்தனை நாள், எப்ப ஃப்ளைட் ஏறலாம், இமிக்ரேஷனுக்கு லெட்டர் கொடுப்பீங்களா, நாள் நீட்டிக்க வேண்டி வந்தா நீங்க உதவி பண்ணுவீங்களான்னு மெயில்ல கேப்பேன். அவங்க சொல்ற நாளோட இன்னும் பாதி சேர்த்துக்குவேன், அந்த மொத்தம் விசா ஃப்ரீ நாளுக்குள்ள தாராளமா அடங்கி, ட்ரீட்மென்ட்டும் அனுமதிச்ச நோக்கமா இருந்தா விசா எடுக்காமலே போவேன். அடங்கலைன்னா மூணு பேருக்கும் மெடிக்கல் வகையிலயே போடுவேன். திரும்பி வர்ற டிக்கெட்டை மட்டும் தேதி மாத்துற மாதிரி வாங்குங்க, வீல்சேர் வேணும்னு புக் பண்றப்பவே சொல்லிடுங்க, ஆபரேஷன் முடிஞ்சு வர்றப்ப ஏர்லைன்காரங்க, ஃப்ளைட்ல போக உடம்பு தாங்கும்னு உங்க டாக்டர் கையெழுத்து போட்ட ஃபிட் டு ஃப்ளை ஃபார்ம் கேக்கலாம், அதை ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில கேட்டு வாங்கிடுங்க.