வெங்காயம் உரித்த கண்ணீர்

கேள்வி: நானும் என் மூத்த ஓரகத்தியும் ஒரே வீட்டில் இருக்கிறோம். பிக் பாஸில் எனக்குப் பிடித்தவளை அவருக்குப் பிடிக்காது. போன வாரச் சண்டையைப் பார்த்துவிட்டு, ‘நீயும் அவளை மாதிரித்தான்’ என்று சொல்லிவிட்டார். பத்து நாளாகப் பேச்சில்லை. அந்தச் சண்டையெல்லாம் நிஜமா, எழுதிக் கொடுத்து நடிக்கிறார்களா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: எழுதிக் கொடுக்கத் தேவையே இல்லை. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், வீடு முழுக்கக் கேமரா. விளம்பரம் போக நமக்கு வருவது அதில் ஒரு சின்னத் துண்டுதான். 1999-ல் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்று தொடங்கி, 2017-ல் தமிழுக்கு வந்த சரக்கு இது. எதை வைப்பது, எதைத் தூக்குவது என்பதிலேயே பாதிச் சண்டை தயாராகிவிடும்.

நம்ம ஊர்க் கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்திக்கு முன்னால் வளவு முற்றத்தில் ஒரு ஆச்சி கவுனி அரிசி இனிப்பை ருசி பார்க்கிறார். ‘இனிப்புக் கூடிப்போச்சு. இருந்தாலும் சின்னவ கைப்பக்குவம் எனக்கு வராது’ என்கிறார். சின்னவள் பின்னால் இரண்டாங்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். இப்போது வெட்டுங்கள். ‘இனிப்புக் கூடிப்போச்சு’, உடனே சின்னவளின் கண்ணீர், அடியில் கொஞ்சம் வயலின். யாரும் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. குடும்பம் மட்டும் இரண்டுபட்டுவிட்டது.

தனியாக உட்கார்ந்து கேமராவிடம் பேசும் காட்சிகளில் இன்னும் வசதி. திங்கட்கிழமை சொன்ன அரை வாக்கியத்தோடு வியாழக்கிழமை சொன்ன பாதியை ஒட்டிவிடலாம். அமெரிக்க ரியாலிட்டி எடிட்டர்கள் இதற்கு ‘ஃபிராங்கன்பைட்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்; பிணத்துண்டுகளைத் தைத்து உயிர் கொடுத்த அந்த ஃபிராங்கன்ஸ்டைன் கதையிலிருந்து வந்த பெயர். தையல் தெரியக்கூடாது என்றால் அந்த நொடியில் பேசுகிறவர் வாயைக் காட்டக்கூடாது. அதனால் குரல் ஓடும்போது வாய் தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் யாராவது முறைக்கிற முகம் வந்தால், அவர் கட்டியிருக்கும் புடவையையும் கையிலுள்ள டீ கிளாஸையும் கவனியுங்கள். அவர் முறைத்தது காலையில் ஆறிப்போன டீயைப் பார்த்தாகவும் இருக்கலாம்.

அதற்காக உள்ளே இருப்பவர்கள் பசுக்கள் என்று நான் சொல்லவில்லை. ஒத்துப்போகாத ஆட்களாகப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். செல்போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள், சாப்பாட்டுச் சாமானுக்கும் டாஸ்க் வைக்கிறார்கள். சண்டை வராமல் என்ன செய்யும்? யார் ஆரம்பித்தது என்பதுதான் வெட்டில் காணாமல் போகிறது. 2022-ல் ஆறாவது சீசனை ஹாட்ஸ்டாரில் 24 மணி நேரமும் ஓடவிட்டார்கள். உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம்?

அப்புறம், உங்கள் கடிதம் மூன்று பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஆமாம், நானும் வெட்டினேன். அந்த மூன்று பக்கத்திலும் உங்கள் ஓரகத்தி பேசுவது ஒரே ஒரு வரி. அதற்கு முந்தைய நிமிடம் நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று இரண்டு முறை தேடிவிட்டேன், காணோம். அதையும் எழுதி அனுப்புங்கள்.