மகள் தைராய்டு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

வணக்கம் அம்மா.

உங்கள் தங்கைக்குத் தைராய்டு புற்றுநோய் வந்து குணமானதை உங்கள் மகள் கூடவே இருந்து பார்த்திருக்கிறாள். அதிலிருந்து, "இந்த நோயில்தான் ஆராய்ச்சி பண்ணுவேன்" என்று உறுதியாக நிற்கிறாள். டாக்டராகட்டும் சரி, ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கிறீர்கள். சம்பளம் எப்போது, கல்யாணம் எப்போது, கதிரியக்கத்தின் பக்கத்தில் வேலை பார்த்தால் பின்னால் குழந்தை பிறக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றுக்கு முன்னால், இந்தத் துறையின் குணத்தை நீங்கள் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நோய் பெரும்பாலும் மெதுவாக நகரும். அதனால் அதைப் பற்றிய ஆராய்ச்சியும் மெதுவாகத்தான் நகரும். 1993-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் உள்ள குமா மருத்துவமனை, அகிரா மியாவுச்சி என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் யோசனைப்படி ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாத, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாத பாப்பில்லரி வகைக் கட்டி (தைராய்டு புற்றில் அதிகம் வருவது இந்த வகைதான்) என்றால் உடனே அறுக்க வேண்டாம், ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே வரலாம் என்பது அந்த யோசனை. புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் கத்தி வைக்காமல் இருக்க அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! இப்படிக் கவனிக்கப்பட்ட 1,235 பேரின் விவரம் 2014-ல் வெளிவந்தது. பத்து வருடக் கணக்கில் சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான் கட்டி வளர்ந்திருந்தது. தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. 2015-ல் அமெரிக்க தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதலும் இந்த முறைக்கு இடம் கொடுத்தது. கேள்வி எழுந்ததற்கும் உலகம் அதை ஏற்றதற்கும் நடுவே 22 வருடம்.

உங்கள் மகள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இவ்வளவு காலம் ஒரே கேள்வியோடு இருக்க முடியுமா? பரபரப்பான கண்டுபிடிப்புகளை எதிர்பார்த்து இங்கே வந்தால் ஏமாற்றம்தான். கடந்த முப்பது வருடத்தில் இந்தத் துறையில் நடந்த நல்ல ஆராய்ச்சிகளில் பல, "இவ்வளவு சிகிச்சை தேவையில்லை" என்று நிரூபித்தவை. உங்கள் தங்கை கதிரியக்க அயோடின் மருந்து குடித்துவிட்டுத் தனி அறையில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அறுவை முடிந்து, நோய் திரும்ப வரும் ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மருந்தை 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அளவு) கொடுத்தாலும் 30 கொடுத்தாலும் மிச்சத் தைராய்டை அழிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2012-ல் பிரிட்டனிலும் பிரான்சிலும் தனித்தனியே நடந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. தென் கொரியாவில் ஸ்கேன் பரிசோதனை பரவலான பிறகு, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது 15 மடங்கு ஆனது. இறப்போ மாறவே இல்லை. தேவையில்லாமல் எத்தனை பேரின் கழுத்து அறுக்கப்பட்டது என்பதை இந்தக் கணக்குதான் வெளியே கொண்டுவந்தது.

"ஆராய்ச்சி எதற்கு" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் அம்மா. ஒரு நல்ல டாக்டர் தன்னிடம் வருபவர்களைக் காப்பாற்றுவார். நல்ல ஆய்வு, அந்த டாக்டர் பார்க்கவே போகாத லட்சக்கணக்கானவர்களைத் தேவையில்லாத அறுவையிலிருந்து காப்பாற்றும்.

சரி, படிப்புக்கு வருவோம். தைராய்டு புற்றுநோய்க்கென்று தனிப் படிப்பு கிடையாது. நோயாளிகளோடு இருக்க ஆசையா, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார ஆசையா, செல்லையும் மரபணுவையும் குடைய ஆசையா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

நோயாளிகள் வேண்டும் என்றால் எம்.பி.பி.எஸ். கட்டாயம். பயிற்சி வருடத்தோடு ஐந்தரை வருடம். அதன் பிறகு எம்.எஸ். பொது அறுவை மூன்று, எம்.சிஎச். நாளமில்லாச் சுரப்பி அறுவை மூன்று. அல்லது எம்.டி. பொது மருத்துவம் மூன்று, டி.எம். எண்டோகிரைனாலஜி (நாளமில்லாச் சுரப்பி மருத்துவம்) மூன்று. எப்படிக் கூட்டினாலும் பதினொன்றரை வருடம். நடுவில் நுழைவுத் தேர்வுகளுக்குப் போகும் காலம் தனி. எண்டோகிரைன் அறுவைக்குச் சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., லக்னோவின் எஸ்.ஜி.பி.ஜி.ஐ. ஆகியவை முக்கியமான இடங்கள். அயோடின் சிகிச்சை தருகிற அணு மருத்துவத் துறைக்கு எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேராக மூன்று வருட எம்.டி. போதும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை மறந்துவிடாதீர்கள்.

மைக்ராஸ்கோப் வழியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் யாரும் அதை நினைப்பதே இல்லை. ஊசி போட்டு எடுக்கும் செல்லைப் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்பவர் நோய்க்குறியியல் நிபுணர். எம்.டி. பேத்தாலஜி என்பார்கள். இந்தத் துறையில் ஒரு பெரிய மாற்றம் அவர்கள் கையால்தான் நடந்தது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த யூரி நிகிஃபோரோவ் தலைமையில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 நிபுணர்கள் பழைய ஸ்லைடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். உறைக்குள்ளேயே அடங்கி, வெளியே பரவாத ஒரு வகைக் கட்டி 109 பேருக்கு இருந்தது. அவர்களை 10 முதல் 26 வருடம்வரை தொடர்ந்து கவனித்ததில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. 2016-ல் அந்த வகையின் பெயரிலிருந்தே ‘புற்றுநோய்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். "உனக்குக் கேன்சர்" என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வீட்டுக்குத் தெரியும்.

நீட் கிடைக்காவிட்டால்? கதவு மூடிவிடாது. உயிரியலில் நல்ல பி.எஸ்சி., எம்.எஸ்சி., அல்லது மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் ஐந்து வருடப் படிப்பு, அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி பிஎச்.டி. என்று போகலாம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. நவி மும்பையில் டாடா மெமோரியலின் ஆக்ட்ரெக் மையம் புற்றுநோய்க்கென்றே நடக்கும் ஆய்வு நிறுவனம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் நிரந்தர வேலை முப்பதைத் தாண்டித்தான் வரும், இடங்களும் குறைவு. பல பேர் வெளிநாட்டில் சில வருடம் ஆய்வு செய்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

ஆய்வகத்தின் பலன் பெரியது. மெக்சிகோவில் மருத்துவம் படித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போன நான்சி கராஸ்கோவின் குழு, 1996-ல் தைராய்டு செல் அயோடைடை உள்ளே இழுக்க உதவும் புரதத்தின் மரபணுவைக் கண்டுபிடித்தது. சிலருக்கு அயோடின் மருந்து ஏன் பலிப்பதில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெளிவாகப் புரிந்தது. அந்த இழுக்கும் சக்தியை மருந்தால் மீட்க முடியுமா என்று நியூயார்க்கில் ஜேம்ஸ் ஃபாகினின் குழு 20 பேரிடம் சோதித்தது. 12 பேருக்குக் கட்டியில் அயோடின் ஏறுவது கூடியது. பின்னர் அதே மருந்தை அறுவை முடிந்த நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. இதையும் மகளிடம் சொல்லுங்கள். வருடக்கணக்கான உழைப்பு இப்படியும் முடியும்.

என் கருத்து: நீட்டுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுக்கலாம், மூன்று வருடம் கொடுக்காதீர்கள். நிலத்தை விற்றுத் தனியார் மருத்துவ இடம் வாங்குவது ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பெண்ணுக்குச் சரிவராது. கடன் இருந்தால் அவள் சம்பாதிக்கத்தான் ஓடுவாள். கேன்சர் பயாலஜி என்று பெயர் வைத்த பட்டப்படிப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். இப்போது அடிப்படை அகலமாக இருக்கட்டும். எந்த வழியில் போனாலும் புள்ளியியல் கற்றே ஆக வேண்டும். மேலே நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் அதில்தான் நிற்கின்றன.

கதிரியக்கப் பயத்துக்கு வருகிறேன். அதனுடன் வேலை செய்பவர்கள் மார்பில் டி.எல்.டி. பட்டை அணிவார்கள், உடம்பில் விழும் அளவு கணக்கெடுக்கப்படும். ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் விழும் கதிர்வீச்சின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. கருவுற்றதைத் தெரிவித்துவிட்டால் குழந்தைக்கான வரம்பு மிகவும் குறைவு, அதற்கேற்ப வேலையும் மாற்றப்படும். இந்தத் துறையில் இருக்கும் பெண்கள் தாயாகித்தான் இருக்கிறார்கள். அதோடு, தைராய்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதிக்குக் கதிரியக்கத்தின் பக்கமே போக வேண்டியதில்லை.

கல்யாணத்தைப் படிப்பு முடியும்வரை தள்ள வேண்டியதில்லை, படிப்பைக் கல்யாணத்துக்காக நிறுத்தவும் வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: வருகிற வீட்டுக்கு முழுக் கணக்கையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எம்.பி.பி.எஸ். கிடைத்தால், படிக்கும்போதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தரும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஒரு கேள்வியோடு உட்கார்ந்து பார்த்தால் பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரியும். நீட் மதிப்பெண் வந்ததும் அதையும், ப்ளஸ் டூ மதிப்பெண்ணையும், வீட்டில் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். கலந்தாய்வுக்கு முன்னால் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.