வகுப்பறைக் கேள்வி–பதில்: ஊட்டச்சத்துப் பாடம் நடத்துவது எப்படி?

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ‘சரிவிகித உணவு’ நடத்துகிறேன். வைட்டமின் அட்டவணையைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள், தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். இடைவேளை மணி அடித்தால் வாங்குவது அதே மசாலா பாக்கெட்தான். 45 நிமிட பீரியட் இரண்டுதான் கிடைக்கும். பாடத்தை எப்படி மாற்றலாம்?
— அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: பாடக்குறிப்பில் கற்றல் விளைவு என்று என்ன எழுதியிருக்கிறீர்கள்? ‘சரிவிகித உணவின் முக்கியத்துவத்தை அறிவர்’ என்றிருந்தால் அடித்துவிடுங்கள். அறிந்தார்களா என்று எதைக் கொண்டு பார்ப்பது? ‘ஒரு வேளைச் சாப்பாட்டைக் காட்டினால், அதில் குறைவது என்ன என்று சொல்லி, ஊர்க் கடையில் பத்து ரூபாய்க்குள் கிடைக்கும் ஒன்றால் அதைச் சரிசெய்வர்’ என்று எழுதுங்கள். வகுப்பில் செய்ய வேண்டிய வேலை அதிலேயே வந்துவிடும். வீட்டில் என்ன சமைப்பது என்று பதினோரு வயதுப் பிள்ளை முடிவு செய்வதில்லை. இடைவேளையில் எதை வாங்குவது, சாம்பாரில் கிடக்கும் காயைத் தின்பதா ஒதுக்குவதா, இவைதான் அதன் கையில் இருக்கின்றன. பாடம் அங்கே குறிவைக்க வேண்டும்.

முதல் பீரியட்டில் ‘சோறு, ரசம், அப்பளம்’ என்று கரும்பலகையில் எழுதி, இதில் குறைவது என்ன என்று ஐந்து நிமிடத்தில் அவரவர் தாளில் எழுதச் சொல்லுங்கள். திருத்தாமல் வாங்கி வையுங்கள். அடுத்து, படங்களுக்குப் பதில் பொருளையே மேசைக்குக் கொண்டுவாருங்கள்: அரிசி, துவரம்பருப்பு, வேர்க்கடலை, கேழ்வரகு எல்லாம் ஒவ்வொரு பிடி, முருங்கைக்கீரை, கொய்யா, உருளைக்கிழங்கு, முட்டை, சிறு புட்டியில் நல்லெண்ணெய். ஐந்தைந்து பேராகச் சேர்ந்து ஆற்றல் தருவது, வளர்ச்சிக்கு உதவுவது, நோயிலிருந்து காப்பது என்று மூன்றாகப் பிரிக்கட்டும். 15 நிமிடம் கொடுங்கள்.

வேர்க்கடலையிலும் உருளைக்கிழங்கிலும் சண்டை வரும். அதை உடனே தீர்த்துவைப்பதுதான் இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் தவறு. பிள்ளைகள் காரணம் சொல்லி வாதாடி முடித்த பிறகு நீங்கள் பேசுங்கள்: வேர்க்கடலையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம், கொழுப்போ அதைவிட அதிகம், அது இரண்டு குழுவிலும் உட்காரும். உருளை காய்கறிக் கடையில் கிடைத்தாலும் அதிலிருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. ஒரு பொருளுக்கு ஒரு சத்து என்று அட்டவணை பதித்துவைத்த எண்ணம் இங்கேதான் உடையும்.

இரண்டாம் பீரியட்டில் குழுவுக்கு ஒரு சாப்பாட்டு அட்டையும், சுண்டல், வாழைப்பழம், கொய்யா, அவித்த முட்டை, மோர் என்று உள்ளூர் விலைப்பட்டியலும் கொடுத்து, சாப்பாட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். யாராவது பாதாம் என்று எழுதினால் பட்டியலைக் காட்டித் திருப்பிக் கொடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் முதல் நாள் கேள்வியையே வேறொரு சாப்பாட்டை வைத்துக் கேளுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அடுத்த ஆண்டு எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும். எல்லாச் சாப்பாட்டுக்கும் ‘வைட்டமின் குறைவு’ என்றே எழுதியிருந்தால், சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள், சாப்பாட்டைப் பார்க்கவில்லை என்று பொருள்.

கேள்வி: அயோடின் விட்டால் மாவுச்சத்து கருநீலமாகும் என்று சொல்லிவிட்டு, சத்துணவுக் கூடத்துச் சோற்றில் சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. எங்கே பிசகியது?
— பட்டதாரி ஆசிரியர், கும்பகோணம்

பதில்: சோறு சூடாக இருந்திருக்கும். சூட்டில் அந்த நீல நிறம் நிற்காது. நன்றாக ஆறவிட்டுச் செய்யுங்கள். எலுமிச்சைச் சோறு என்றால் வேறு காரணம்: வைட்டமின் சி அயோடினின் நிறத்தை அழித்துவிடும். சாம்பார் சாதத்தில் மஞ்சளும் மிளகாயும் நிறத்தை மறைக்கும். குழம்பு படாத வெறும் சோறு, நறுக்கிய உருளை, கரைத்த கோதுமை மாவு ஆகியவையே சோதனைக்கு ஏற்றவை. மருந்துக்கடை பொவிடோன் அயோடின் கரைசலை அப்படியே விட்டால் அதன் பழுப்பு நிறமே எல்லாவற்றையும் மூடிவிடும். வெளிர் தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் சேர்த்து, இரண்டு சொட்டு மட்டும் விடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீரிலும் விடுங்கள்.

சர்க்கரையிலும் விட்டுக் காட்டுவது அவசியம். நிறம் மாறாது. ‘அப்படியானால் சர்க்கரையில் கார்போஹைட்ரேட் இல்லை’ என்று வகுப்பு சொல்லும். இந்தச் சோதனை காட்டுவது மாவுச்சத்தை மட்டுமே என்று அப்போது சொன்னால் மறக்காது. வாழைக்காயையும் நன்கு கனிந்த வாழைப்பழத்தையும் அருகருகே வைத்தால் இன்னும் நல்லது. காய் கருக்கும், பழம் லேசாகத்தான் மாறும், ஏனெனில் பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிவிடுகிறது. அயோடின் உப்பு போட்ட சோறு ஏன் நீலமாகவில்லை என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் பாராட்டுங்கள்: உப்பில் அது அயோடேட் என்ற வேறு வடிவில், பத்து லட்சத்தில் 15 முதல் 30 பங்கு என்ற மிகச் சிறிய அளவில் இருக்கிறது.

புரதச் சோதனைக்கு 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் காப்பர் சல்பேட், வேறொரு 100 மி.லி.யில் 10 கிராம் காஸ்டிக் சோடா கரைத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கரைத்து, முதலாவதில் 2 சொட்டும் இரண்டாவதில் 10 சொட்டும் விட்டுக் கலக்கினால் ஊதா நிறம் வரும். காப்பர் சல்பேட் கூடிவிட்டால் நீலம் ஊதாவை மறைத்துவிடும். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். சோதித்த உணவு எதுவும் வாய்க்குப் போகக் கூடாது.

கேள்வி: ‘நேற்று என்ன சாப்பிட்டாய்’ என்று எழுதி வந்து வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். பலரும் பொய் எழுதினார்கள், ஒரு மாணவி பேசவே இல்லை.
— நடுநிலைப்பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

பதில்: இந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். சாப்பாட்டைக் கேட்பது வீட்டு வருமானத்தையும் சாதியையும் மதத்தையும் சேர்த்துக் கேட்பதாகிவிடும். இரவு பட்டினி கிடந்த பிள்ளை அதை நாற்பது பேர் முன் எப்படி வாசிக்கும்? பெயர் போட்ட கற்பனைக் குடும்பங்களை உருவாக்கி அவர்கள் சாப்பாட்டை அலசுங்கள். இல்லையென்றால் எல்லாருக்கும் பொதுவான மதிய உணவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது என்று அங்கிருந்தே தொடங்கலாம். எடை, உயரம் அளந்தால் தனியே அளந்து, தனியே சொல்லுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு பாக்கெட் லேபிள் படிக்கக் கற்றுக்கொடுக்க எளிய வழி?
— ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: இரண்டே கணக்கு போதும். குளிர்பானத்தில் 100 மி.லி.க்கு 11 கிராம் சர்க்கரை என்றிருந்தால் 250 மி.லி. புட்டியில் 27.5 கிராம். டீஸ்பூனுக்கு 5 கிராம் வைத்தால் ஐந்தரை டீஸ்பூன். அதை மேசையில் அளந்து கொட்டிக் காட்டுங்கள். அடுத்தது உப்பு. லேபிளில் சோடியம் என்றுதான் இருக்கும், அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மி.கி. சோடியம் உள்ள 50 கிராம் பாக்கெட்டில் 1 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் தவறுவது ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தியைப் படித்துவிட்டு முழு பாக்கெட்டையும் அதுவாக நினைப்பதில்தான். எப்போதும் 100 கிராம் பத்தியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பீட்ரூட் தின்றால் ரத்தம் ஊறும் என்று மாணவிகள் அடித்துச் சொல்கிறார்கள்.
— ஆசிரியை, நாமக்கல்

பதில்: சிவப்பு அதன் நிறமி, இரும்பு அல்ல. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராமைத் தொடாது; கேழ்வரகில் 4 முதல் 5 மில்லிகிராம். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீரைச் சோற்றோடு கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும். மலம் கறுத்துப் போகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் மாத்திரை குப்பைத் தொட்டிக்குப் போகும்.